தழும்பில் நட்ட முடி

பிப்ரவரி 9
பத்து வருஷமாக, எங்கெங்கிருந்தோ இஸ்தான்புல் வந்து இறங்கும் ஆண்களின் மண்டையில் முடி நடுகிறேன். இன்று நான் படுத்தேன், கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் செவ்தா அக்கா நட்டாள். நெற்றிக்கு மேலே இடப்பக்கம், ஆறு வயதில் தேநீர்க் கெண்டி கவிழ்ந்து வெந்த இடம். "வெந்த தோல். பாதி பிடிக்கலாம், ஒண்ணுமே பிடிக்காமலும் போகலாம்" என்றார் டாக்டர். எனக்காக எல்லோரும் விடுமுறை நாளில் வந்தார்கள். இவர்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

பிப்ரவரி 20
பொருக்கு உதிர்ந்துவிட்டது. குட்டிக் குட்டியாக முடி நிற்கிறது. கண்ணாடியை விட்டு வர மனசில்லை.

மார்ச் 6
கொட்டுகிறது. தலையணையில், துண்டில். நட்ட முடி முதலில் கொட்டும், வேர் உள்ளே இருக்கும், மூன்று நாலு மாதத்தில் முளைக்கும் — எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஆனா இது தழும்பாச்சே? வேரும் செத்துப் போயிருந்தா?

கை கழுவுமிடத்தில் நின்று அழுதேன். செவ்தா அக்கா பார்த்துவிட்டாள். "நேத்து அந்த ஜெர்மன்காரன் அழுதப்போ, இதுக்குப் போய் அழலாமான்னு கேட்டவ நீதானேடி?" சிரிப்பும் வந்து தொலைத்தது.

ஏப்ரல் 17
ஒன்றுமில்லை. வழவழவென்று பழைய தழும்பேதான்.

மே 4
அம்மா கிண்ணத்தில் நசுக்கிய பூண்டோடு வந்து நின்றாள். தேய்த்தால் வழுக்கையிலும் முளைக்குமாம், தெருவே சொல்கிறதாம்.

"தோல் வெந்துடும்மா. ஏற்கெனவே வெந்தது போதாதா?" — வாய் தவறி வந்துவிட்டது.

"கொட்டினவ நான்தானே. எதையாவது செய்ய விடேன்டி" என்றாள்.

கெண்டி அவள் கையிலிருந்து நழுவியதைப் பற்றி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றிலிருந்து அவள் என் தலையைத் தொட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டதெல்லாம் அத்தைதான். இன்று இருவரும் அழுது தீர்த்தோம். பூண்டை வெள்ளரித் தயிரில் போட்டுச் சாப்பிட்டோம்.

ஜூன் 12
முளைத்திருக்கிறது. மெல்லிசாக, கொஞ்சம் சுருட்டையாக, ஆனால் பரவலாக. செவ்தா அக்கா லென்ஸ் வைத்துப் பார்த்து, மாஷல்லா சொல்லி, மேஜையை மூன்று தடவை தட்டினாள். "கண்ணு பட்டுடும், யார்கிட்டயும் மூச்சு விடாதே." மத்தியானத்துக்குள் கிளினிக் முழுக்க அவளே சொல்லி முடித்திருந்தாள். அவள் கைக்கு முத்தம் கொடுத்தேன்.

அக்டோபர் 2
முடி தடித்துவிட்டது. முக்கால்வாசி பிடித்துவிட்டது என்கிறார் டாக்டர். மீதிக்கு இன்னும் பொறுக்க வேண்டுமாம். வந்ததே போதும், நன்றாக இருங்கள் என்றேன்.

பிப்ரவரி 11
குளித்து வந்து அம்மாவிடம் சீப்பை நீட்டினேன். ஈரமில்லாத கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். வகிடு எடுத்தாள், கலைத்தாள், மறுபடி எடுத்தாள். விரல் இடப்பக்கமே போய்ப் போய் வந்தது.

"இங்கதானேடி இருந்துச்சு?"

"நல்லாத் தேடும்மா. அவசரமில்ல" என்றேன்.