மரபணு உனக்கு வக்காலத்து வாங்காது

இன்று காலை ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தேன், அம்மா. கோடு போட்ட இடம் வரை நிரப்ப வேண்டுமாம். துப்பத் துப்ப உன் முகம்தான் கண்முன் வந்து நின்றது. பொருத்தமாகத்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் செபராங் ஜெயாவில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள். பிறர் வலியை உணர்வதில் மனிதருக்கு மனிதர் ஏன் இத்தனை வித்தியாசம், அதில் பிறப்பின் பங்கு எவ்வளவு என்று உடன்பிறந்தவர்களை வைத்துப் பார்க்கிறார்களாம். தங்கையும் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருந்தாள். எச்சிலுக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள். எதிரில் இருப்பவர் அழப்போகிறார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா? தங்கை யோசிக்காமல் 'ஆம்' போட்டாள். நான் 'இல்லை'. இயந்திரத்தைப் பார்த்தால் அது எப்படி ஓடுகிறது என்று அறியத் தோன்றுமா? எனக்கு 'ஆம்'. பக்கம் முழுக்க அப்படித்தான். உன்னிடம் கேட்டிருந்தாலும் என் விடைகள்தான் வந்திருக்கும்.

பாயான் பாரு மின்னணுத் தொழிற்சாலையில் உன் கண்ணுக்கு அத்தனை நல்ல பேர். நுண்ணோக்கியில் குனிந்தால் முடியளவு விரிசலும் தப்பாது. வீட்டில் எங்கள் முகம் உன் கண்ணில் பட்டதே இல்லை. தங்கை முட்டி கிழிந்து அழுதுகொண்டு வந்தால், "எத்தனாவது படியில விழுந்த?" என்று கேட்டுவிட்டு, படியைப் பார்க்கப் போவாய்.

அதையெல்லாம் மறந்திருப்பேன். பதினைந்து வயதில் எழுதிய படிவம் மூன்று அரசுத் தேர்வு நாளை மறக்க முடியாது.

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, பினாங்கு மருத்துவமனையில் கிடந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அறிவியல் தாள் எழுதிக்கொண்டிருந்தேன். "பெரியவள கூட்டிட்டு வா, பாக்கணும்" என்று அவர் உன்னை அனுப்பினார். நீ வந்தாய். ஆசிரியை என்னை வெளியே அழைக்கட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றாய். சன்னல் வழியே உன்னைப் பார்த்தேன். மழைக்குக் குடை கொண்டு வந்திருக்கிறாய் என்று நினைத்து, ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

நாம் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "பிள்ள வந்துட்டாளான்னு ரெண்டு தடவ கேட்டான்டி!" நான் உன்னைப் பார்த்தேன். நீ சொன்னாய்: "நடுவுல எழுந்தா பேப்பர் செல்லாது. நீ வந்தாலும் அவர் பொழைச்சிருக்க மாட்டாரு."

இரண்டுமே உண்மை. அதனால்தான் இத்தனை வருடமும் உனக்குப் பதில் சொல்ல முடியாமல் இருந்தேன். அவர் உயிர் போகும்போது நீயும் பக்கத்தில் இல்லை. அது உனக்கு உறைத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

இன்று அந்தப் பெண் குழாயை மூடிக்கொண்டே விளக்கினாள். "ஒரே ஒரு மரபணு இல்லக்கா. நிறைய சின்னச் சின்னது சேர்ந்து கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்க்கும். மீதி வளர்ப்பு, பழக்கம். அடுத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கிறது வேற, அவங்க வலி நமக்கு வலிக்கிறது வேற."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்லா அம்மா. பொறப்பே அப்படி. இனிமேயாச்சும் மன்னிச்சிடுக்கா."

"எனக்கும் அதே பொறப்புதான்," என்றேன்.

உண்மைதானே? தாதி வேலையில் சேர்ந்த புதிதில், டயாலிசிஸ் படுக்கையில் அழுத ஒரு பெரியவரிடம் இயந்திரத்தின் அளவுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். தலைமைத் தாதி என்னை வெளியே இழுத்துப் போனார். "அவரு பயப்படுறாரு. உன்கிட்ட நம்பரா கேட்டாரு?" எனக்கு வெட்கமாக இருந்தது. உன் மகளாகவே அங்கே நின்றிருக்கிறேன் என்று புரிந்தது. அன்றிலிருந்து படித்தேன், அம்மா. சூத்திரம் படிப்பதுபோல. உதடு உள்ளே மடிந்தால் பேச்சை நிறுத்து. கை துணியைக் கசக்கினால் உட்கார். "சரி சரி" என்று இரண்டு முறை சொன்னால் அது சரியில்லை. நீ எனக்குக் கொடுத்த அதே மூளையை வைத்துத்தான் படித்தேன்.

அதனால்தான் உன்னை விடமாட்டேன். உனக்கு வலிக்கவில்லை என்றால், அது உன் குற்றமில்லை. எங்களுக்கு வலிக்கிறதா என்று ஒரு நாள்கூட நீ கேட்கவில்லையே. விரிசல் தேடத் தெரிந்தவள், தேடவே இல்லையே.

போன மாதம் எங்கள் டயாலிசிஸ் நிலையத்தில் ஒரு நோயாளி இறந்தார். கத்தோலிக்கர், ஓய்வுபெற்ற குமாஸ்தா. அவர் மனைவி என்னிடம் படிவங்களை வாங்கிக்கொண்டு, "சரி மிஸ்ஸி, சரி," என்றார். கையில் ஜெபமாலை இறுகிக்கொண்டிருந்தது. பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர் மகன் வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை.

அவ்வளவுதான், அம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது உன்னாலும் முடிந்திருக்கும்.