ஏறுற பிரெஷா

நைரோபி
செவ்வாய், காலை

அன்புள்ள மகோகா அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான்; அதில் சொன்னால் அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். அதனால் நம் ஊர் வெபுயேக்கு வரும் பஸ்ஸின் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாகப் படி.

அம்மா ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி ஒன்பது நாளாகிறது என்று நேற்றுதான் சொன்னாய். ஏன் என்று அவளிடமே கேட்டேன். "போன்ல தேடினேன்டி. மூலிகைத் தூளே குணமாக்கும்னு போட்டிருக்கு, முதல்ல வந்ததே அந்தப் பக்கம்தான். பொய்யா இருந்தா முதல்ல விடுவாங்களா? அதுவும் 'ஏறுற பிரெஷா'ன்னு நம்ம வாய்ப்பேச்சுலயே எழுதியிருக்கான். நம்ம ஆளுதான்" என்றாள்.

அந்த ஆள் நான்தான் அண்ணா.

இணையத்தில் யாராவது எதையாவது தேடினால் எங்கள் பக்கத்தை முதலில் வரவைப்பதுதான் என் வேலை. அம்மா படித்த பக்கத்தை மூலிகைத் தூள் விற்கும் ஒருவருக்காக எழுதினேன். மற்றவர்கள் 'உயர் ரத்த அழுத்தம்' என்று எழுதினார்கள். எந்த நோயாளி அப்படித் தேடுகிறான்? நான் அம்மாவின் வார்த்தையைப் போட்டேன். மூன்றே வாரத்தில் முதலிடம். ஆபீஸில் கைதட்டினார்கள்.

"டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று கடைசியில் ஒரு வரி வைத்திருந்தேன். மேலாளர் கிலோன்சோ ஒரு சோதனை வைத்தார். பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வரி திரையில் தெரியும், மீதிப் பேருக்குத் தெரியாது. வரி தெரியாதவர்கள்தான் தூளை அதிகம் வாங்கினார்கள். வரியைத் தூக்கிவிட்டார். படிக்கிறவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டாமா என்றேன். "இது என்ன ஆஸ்பத்திரியா தங்கச்சி? அவங்க நம்ப ஆசைப்படுறதைத்தானே காட்டுறோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு எலிக்கு ஊசி போடவே அனுமதிக் கடிதம் கேட்பார்கள்.

நேற்று அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். எடுத்தாலும் பயனில்லை. பதினொரு தளங்கள் அப்படியே நகலெடுத்து வைத்திருக்கின்றன.

அம்மாவுக்குக் கண் மங்குகிறது, பின்தலை வலிக்கிறது, ஆனாலும் "கெட்டது வெளியேறுது, நல்ல அறிகுறி" என்று சந்தோஷமாக இருக்கிறாள் என்றாயே, அந்த வரியும் என்னுடையதுதான். தலைவலி வந்தவர்கள் தூளை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக ஐந்து நிமிடத்தில் நானாக இட்டுக்கட்டியது. எந்த மருத்துவரும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் சிரிப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. இதைப் படித்து முடித்ததும் கிடைக்கிற வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. சாப்பாடு ஆகட்டும், துணி மாற்றட்டும் என்று நிற்காதே. வர மறுத்தால், எழுதியது யார் என்று சொல். நானே இந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

என்னை வெறுக்கட்டும் அண்ணா. வெறுப்பதற்கு அவள் இருக்கட்டும்.

உன் தங்கை
நெலிமா