அப்பா போட்ட லேமினேஷன்

ஜூன் 4, புதன்

கோபத்தில் எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

காலையில் என் முதுகலைப் பட்டச் சான்றிதழோடு அட்டஸ்டேஷன் அலுவலகத்துக்குப் போனேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் சேர அதன் பின்பக்கம் ஒரு முத்திரை வேண்டும். முத்திரை இருந்தால்தான் விசா. ஜூலை 14 சேர வேண்டிய நாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா சான்றிதழை வாங்கி விரலால் தட்டினார். டொக் டொக் என்றது.

"என்னம்மா இது? பிளாஸ்டிக் மேலயா சீல் குத்துவேன்? அடுத்த ஆளு!"

ஃபைலை நேற்று அப்பாதான் அடுக்கிக் கொடுத்தார். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக எதைக் கண்டாலும் லேமினேஷன். என் தடுப்பூசி அட்டை, அம்மாவின் கண்ணாடிச் சீட்டு, ஃப்ரிட்ஜ் வாரன்ட்டி... வீட்டில் தப்பித்தது நானும் அம்மாவும்தான். இப்போது என் பட்டத்துக்கும் போட்டுவிட்டார்.

நேரே கடைக்குப் போய்க் கத்தினேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். நிற்கட்டும்.

"அவ்ளோ தூரம் போற பாப்பா. தண்ணி பட்டா? கசங்கினா? நல்லதுக்குத்தானே..."

"உங்களை யாரு கேட்டா? இனிமே என் பேப்பர் எதையும் தொடாதீங்க!"

ஜூன் 5, வியாழன்

அம்மா காலையிலிருந்து ஒரே பாட்டு. "ஆசையா செஞ்ச மனுஷனைப் போய்க் கடையில வெச்சு மானத்தை வாங்கிட்டியே."

ஆசை! ஆசை இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா? இந்த வீட்டில் எல்லாமே எனக்காக, என்னைக் கேட்காமல்.

சாயங்காலம் அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். "பிரிச்சுப் பாக்கலாம்னு மட்டும் நினைக்காதே. ஃபிலிமோட மை வந்துரும். யுனிவர்சிட்டியில கேட்டா ஏதாவது வழி சொல்லுவாங்க."

எனக்கே பாடமா? இரண்டு வருடம் நான் ஆய்வு செய்ததே ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்டிக் அடுக்குகளைப் பிரிப்பதைத்தானே! பால் பாக்கெட், பிஸ்கட் உறை என்று எத்தனை பிரித்திருப்பேன். அதற்காகத்தானே அந்த ஆய்வுக்கூடம் என்னைக் கூப்பிட்டிருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 7, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று அப்பா கடைக்குப் போனதும், அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, அயர்ன் பாக்ஸை எடுத்தேன். மிதமான சூடு, மேலே ஒரு துணி. ஓரத்தைக் கத்திரியால் வெட்டி மூலையைக் கிளப்பினேன். முதல் அரை அங்குலம் அழகாக வந்தது. பார்த்தீங்களா என்று மனசுக்குள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டேன். அடுத்த இழுப்பில் துணைவேந்தரின் கையெழுத்து ஃபிலிமோடு வந்தது. அப்புறம் என் பெயரில் பாதி. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கோபத்தில் முழுக்க இழுத்தேன். காகிதம் தோல் உரிந்த மாதிரி கிடந்தது.

பால் பாக்கெட்டில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அப்பா வந்து பார்த்தார். கையில் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தானாவே பிரிஞ்சிருச்சு. உங்க லேமினேஷன் லட்சணம் அவ்ளோதான்."

எப்படி வந்தது அந்தப் பொய்? யோசிக்கக்கூட இல்லையே.

ஜூன் 9, திங்கள்

பல்கலைக்கழகத்துக்கு அப்பாவும் வந்தார். பரீட்சைப் பிரிவு கிளார்க் உச்சுக் கொட்டினார்.

"லேமினேஷனோட அப்படியே கொண்டு வந்திருந்தா, இது அசல்தான்னு ஒரு லெட்டர் அடிச்சுக் கொடுத்திருப்பேனே. அதுல சீல் குத்திருவாங்க. ரெண்டு நாள் வேலை. இப்ப டூப்ளிகேட்தான். ஆறு வாரம் ஆகும்."

ரெண்டு நாள்! அப்பா சொன்ன வழி அதுதான்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: சான்றிதழ் யாரால், எவ்வாறு சேதமடைந்தது? பேனா என் கையில்தான் இருந்தது. அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை வாங்கி, 'தந்தையாகிய என் கவனக்குறைவால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"படிச்ச பொண்ணு வாழ்க்கையில விளையாடலாமா சார்?" என்று கிளார்க் அப்பாவைக் கேட்டார்.

"தப்புதான் சார்."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆள் மேல் கோபம். இந்த மனிதருக்கு ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசத் தெரியாதா என்று அப்பா மேலும் கோபம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ச்சீ, என்ன ஜென்மம் நான்!

ஜூன் 12, வியாழன்

சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. ஆகஸ்ட் 11 வரை காத்திருப்பார்களாம். அதற்குள் வராவிட்டால் இடம் இன்னொருவருக்கு.

ஜூலை 2, புதன்

பயணம் என்னாச்சு என்று அத்தை போனில் கேட்டார். அம்மா சொன்னாள்: "எல்லாம் உங்க அண்ணனோட அவசரபுத்தி. புள்ள பாவம், தவிக்கிறா." அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

மதியம் அப்பா போன் செய்தார். "கூரியர்ல கடைக்கு உன் சர்ட்டிபிகேட் வந்திருக்கு. நீயே வந்து எடுத்துக்கோ. நான் தொடல."

ஓடினேன். கவர் மேசை நடுவில் இருந்தது. ஃபேனை நிறுத்தியிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். வேர்த்து வழிந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"தொடுங்கப்பா! எடுத்துக் கையில குடுங்க! நான்தான் பிரிச்சேன், அயர்ன் பாக்ஸ் வெச்சு. தானா ஒண்ணும் பிரியல."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஓரத்துல கத்திரி பட்டிருந்துச்சே. தானா பிரியற ஃபிலிம் கத்திரியால வெட்டிக்குமா?"

"அப்புறம் எதுக்கு அங்க உங்க பேரை எழுதினீங்க?"

"போட்டது நான்தானே பாப்பா." கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கவரை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அத்தைக்கும் நானே போன் செய்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விசா வந்துவிட்டது. நாளை மறுநாள் பயணம். சொல்லலாம் என்று கடைக்குப் போனால் அங்கே ஒரே சத்தம். ஒருவர் மகனுடைய டிகிரியை நீட்டிக்கொண்டு அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். "கடைன்னு போர்டு வெச்சுட்டுப் போட மாட்டேன்னா எதுக்குய்யா கடை?" அப்பா வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

"அவர் சொன்னா கேளுங்க சார். கேக்காம நான் பட்டது போதும்" என்று கத்தினேன். வந்தவர் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

"கத்தாதே பாப்பா. போற இடத்துலயும் இப்படியா கத்துவ?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் கடை போர்டுக்குக் கீழே தொங்கிய புதுத் தாளைப் பார்த்தேன். 'ஒரிஜினல் சான்றிதழ்களுக்கு லேமினேஷன் போடப்படாது.' அப்பாவின் கையெழுத்து. அதற்கு மட்டும் லேமினேஷன் போட்டிருந்தார். அத்தனை மழையிலும் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை.