வியாழக்கிழமைக்கு ஓடும்

6 அக்., திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை என்று வீட்டுக்காரர் போர்வைக்குள். எனக்கு அந்தக் கொடுப்பினை ஏது. குழித்துறைப் பாலத்திலேயே முழுக்க நனைந்தாயிற்று. ஆஸ்பத்திரியில் மெஷின், குழாய், கரண்ட் எல்லாம் என் பொறுப்பு. முதல் வேலை ஜெனரேட்டர் டீசல். அடுத்து பெண்கள் வார்டில் குழாய்ச் சொட்டு. அதை முடிப்பதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரெஜினா சிஸ்டர் ஃபோன்.

"சுனிதா, உனக்க மெஷினுக்கு என்னவோ கேடு. ஓடி வா."

ஆபரேஷன் கத்தி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைக்கிற பெரிய ஆட்டோகிளேவ். பூஜை லீவுக்குப் பின் இன்றுதான் முதல் லோடு. பிரஷர் முள் சரியான இடத்தில் நிற்கிறது. நேரமும் சரி. ஆனால் பொட்டலத்தில் ஒட்டும் டேப்பின் கோடுகள் கறுக்கவில்லை. கறுக்கவில்லை என்றால் சூடு போதவில்லை, கிருமி சாகவில்லை. அந்தக் கத்தியை யார் மேலும் வைக்க முடியாது. சின்ன மெஷின் ஒன்று உண்டு, பல் டாக்டர் சாமான் அளவுக்குத்தான் காணும்.

பெரிய டாக்டர் வந்தார். "கம்பெனி ஆள் அடுத்த வாரம்தான் வருவாராம். அதுவரை தியேட்டரைப் பூட்டுங்க. கேஸெல்லாம் நாகர்கோவிலுக்கு."

டீ கொண்டுவந்த கேன்டீன் லில்லி அக்காவின் முகம் செத்துப் போயிற்று. வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன், கர்ப்பப்பைக் கட்டி. ரத்தம் போய்ப் போய் ஆளே வெளுத்துக் கிடக்கிறாள். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப் போட்டாயிற்று. குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெனி இதற்கென்றே லீவு போட்டு வந்திருக்கிறாள். ஞாயிறு திரும்ப வேண்டும்.

"நாகர்கோவில்ல செய்யலாமே அக்கா?" என்றேன்.

"அங்க வரிசையில நிக்கதுக்குள்ள பிள்ளை பிளேன் ஏறிருவா. அவ பக்கத்துல இல்லாம நான் மேசையில ஏறமாட்டேன் மக்கா. செத்தாலும் சரி."

எனக்கு வாய் சும்மா இருக்குமா. "வியாழக்கிழமைக்கு ஓடும் டாக்டர்!" எல்லார் முன்னாலும்.

"புதன் சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தடவை ஓட்டிக் காட்டு. இல்லேன்னா பூட்டுதான்."

நுணலும் தன் வாயால் கெடும்.

7 அக்., செவ்வாய்

மழை. கதவு ரப்பர் வளையம் மாற்றினேன். கறுக்கவில்லை. ஹீட்டர் எல்லாம் நல்ல நிலை. முள் பொய் சொல்கிறதோ என்று வேறு முள் மாட்டினேன், அதுவும் அதையே சொல்கிறது. டேப் பழசோ? புது ரோல். ம்ஹூம்.

பிரஷர் உண்டு, சூடு இல்லை. உள்ளே இருக்கிற காற்று வெளியே போகாமல் நிற்கிறது என்று நினைத்தேன். கம்பெனி எஞ்சினியரும் ஃபோனில் அதையேதான் சொன்னார். நல்ல மனிதர், சோற்றுக் கையோடு பேசினார். அடியில் வடிகால் ஜல்லடையை (எங்கள் ஊரில் அரிப்பு) பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஜல்லடையே சுத்தம், அப்படியானால் குழாயும் சுத்தம் என்று விட்டுவிட்டேன்.

கேன்டீன் பக்கம் யாரோ: "பொம்பள மெஷின் பாத்தா இப்பிடித்தான் இருக்கும்." திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும்.

பஸ்ஸில் அழுகை வந்தது. வேலை போகும் என்ற பயம் இல்லை. லில்லி அக்கா முகத்தில் எப்படி முழிப்பது?

மறக்காமல்: மின்சார டேப், இரண்டு பல்பு, வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு.

8 அக்., புதன்

பல் தேய்க்கும்போது தோன்றியது. அந்த ஜல்லடைக்கு ஏன் அவ்வளவு மினுக்கம்? நான் எத்தனை தேய்த்தாலும் கறை போகாதே. வேறு யாரோ கழற்றித் தேய்த்திருக்கிறார்கள். சாயா கூடக் குடிக்காமல் ஓடினேன்.

தியேட்டர் அட்டெண்டர் சுயம்பு அண்ணன். வேலைக்குப் புதுசு. முன்பு கல்யாண வீடுகளில் பாயசம் வைக்கும் வார்ப்புகளைக் கழுவியவர்.

"பூஜைக்கு மெஷினைக் கழுவுனது யாரு அண்ணே?"

நெஞ்சை நிமிர்த்தினார். "நாந்தான். கொள்ளாம்லா, பளபளன்னு? அரிப்பைக் கழத்தித் தனியாட்டு தேச்சேன்."

"எத வச்சு?"

"தேங்காத் தும்பு. எம்மாம் பெரிய வார்ப்பே மின்னும், இது எம்மாத்திரம்!"

"அரிப்பு வெளிய கெடக்கும்பம் உள்ளயும் தேச்சியளா?"

"பின்னே? வெள்ளம் கோரி ஊத்தி நல்லா அலசியும் விட்டேன்."

தும்பு நார் அத்தனையும் வடிகால் ஓட்டை வழியாகக் குழாய்க்குள். அதன்மேல் பளபளக்கும் ஜல்லடை. வாய்வரை வந்த வசவை விழுங்கினேன், பாதிதான் விழுங்க முடிந்தது. அவர் முகம் சுண்டிப் போயிற்று. "சவம், எனக்குத் தெரியாமப் போச்சே பிள்ளே" என்று அவரே குனிந்து குழாயைப் பிடித்துக்கொண்டார்.

நட் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, கடைசியில் கழன்றது. வளைவுக்குள் குறடை விட்டு இழுத்தேன். எலிவால் மாதிரி நீளமாக வந்தது. இன்னும் வந்தது. ஒரு கயிறு திரிக்கலாம்! காற்றை வெளியே விடும் வால்வுக்குள்ளும் அதுதான். கழுவி மாட்டி ஓட்டினேன். வடிகால் புஸ்ஸென்று காற்றைத் துப்பியது. எங்கள் வீட்டுக் கல்யாண மேளம்கூட எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

கதவைத் திறந்தோம். கோடுகள் கரிக்கறுப்பு.

ரெஜினா சிஸ்டர் "மாதாவே!" என்றார். சுயம்பு அண்ணன் "அய்யா உண்டு!" என்றார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் தடவையும் கறுப்பு. டாக்டர் டேப்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு லிஸ்ட் போடுங்க சிஸ்டர்." என்னிடம், "சொன்னதைச் செஞ்சிட்ட." ஒரு வேலையும் இல்லாமல் கேன்டீன் வழியாக இரண்டு தடவை நடந்தேன். கையில் ஸ்பேனரோடு.

9 அக்., வியாழன்

வெயில். லில்லி அக்காவைக் காலையிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். ஜெனி வாசலில் ஜெபமாலையோடு. நான் ஏ.சி. பார்க்கிறேன் என்று அங்கேயே நின்றேன். ஏ.சி.க்கு ஒரு கேடும் இல்லை. லில்லி அக்கா வயிற்றில் படுகிற ஒவ்வொரு கத்தியும் என் மெஷினில் வெந்தது. பெருமையும் பயமும் வெப்ராளமும் சேர்ந்து ஏ.சி.யின் ஒரே திருகாணியை மூன்று தடவை முறுக்கினேன்.

ரெஜினா சிஸ்டர் தலையை நீட்டினார். "முடிஞ்சு. கட்டி மாங்கா கணக்கா இருந்து. நல்லா இருக்கா." ஜெனி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

சாயங்காலம் கீழே ஆண்கள் வார்டில் ஃபேன் மாற்றிக்கொண்டிருந்தேன். ஜெனி ஓடி வந்தாள்.

"அக்கா, அம்மா முழிச்சாச்சு. முதல்ல உங்களத்தான் கேட்டா."

"என்ன கேட்டா?"

"'மெஷின்காரி வயித்துக்கு வல்லதும் தின்னாளா'ன்னு."

ஃபேனைப் பாதியில் விட்டு ஏணியிலிருந்து இறங்கினேன். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, நான் பார்க்கிற லிஃப்ட். நிற்கப் பொறுமை இல்லை, படியேறி ஓடினேன்.