மைனஸ் இரண்டுக்கு வரச் சொன்னேன்

அன்பு மகளே,

அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. பதறாமல் கடைசிவரை படி. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து இப்போது தேறி வருகிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், சத்தியம் செய்த கையாலேயே எழுதுகிறேன்.

போன செவ்வாய் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன், கொண்டுவரச் சொல்லி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் தரைக்குக் கீழே அல்லவா, லிஃப்டில் மைனஸ் இரண்டை அழுத்துங்கள் என்று தெளிவாகத்தான் சொன்னேன். எண் என்றால் ஒன்றில்தானே தொடங்கும், மைனசாவது மண்ணாவது என்று இரண்டை அழுத்தி இதய நோய்ப் பிரிவில் போய் இறங்கியிருக்கிறார். என்னைத் தேடி நடந்தவருக்கு வேர்த்துக் கொட்டியதை ஒரு நர்ஸ் பார்த்து உட்கார வைத்திருக்கிறாள். காலையிலிருந்தே வலியாம், வாயு என்று மறைத்திருக்கிறார். உடனே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் சொன்னபடி கீழே வந்திருந்தால்? வழியில் விழுந்திருந்தால்கூட மிஷின் இரைச்சலில் கேட்டிருக்காது. வேலையில் இதே நினைப்புதான், மடித்த போர்வையையே பிரித்து மடிக்கிறேன்.

அவரோ படுத்துக்கொண்டு என்னை வம்புக்கு இழுக்கிறார். "ரெண்டு தலையணை இருக்கு, எண்ணிக் காட்டுறேன். நீ மைனஸ் ரெண்டு தலையணையைக் காட்டு பார்ப்போம்" என்கிறார். அது எண்ணிப் பார்க்க அல்ல, தரையைப் பூச்சியம் என்று வைத்தால் மேலே ஒன்று, இரண்டு, கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் என்றேன். அப்படியென்றால் மைனஸ் ஐந்து மைனஸ் இரண்டைவிடப் பெரிதா என்று மடக்குகிறார். இன்னும் ஆழம், அதனால் சிறியது என்றேன். ஐந்து எப்படி இரண்டைவிடச் சிறிதாகும் என்று சிரிக்கிறார். அவர் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் எழுந்து போனேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. குளிரில் காதை மூடிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. கணக்கு டீச்சரான மகள் சொன்னால்தான் நம்புவாராம், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு. கணக்கை மட்டும் பேசு. உன் குரல் கொஞ்சம் உடைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

உன் அம்மா