பிக்கர்ஸ்கில்லுக்கு அனுப்பிய நிலக்கரி

அக்டோபர் 6, 1908
சலவைக்காரி நான் ஊர் நிவாரணக் குழுவில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. இன்றுதான் அந்த நாற்காலிக்கு அர்த்தம் வந்தது. பிக்கர்ஸ்கில்லின் மளிகைக் கடை நொடித்துவிட்டதாம், வயது எழுபத்தொன்றாம், பட்டினியாம்.

அன்று இதே குழுவில் இருந்துகொண்டு அவன்தான் என் அம்மாவிடம் சொன்னான்: "கையும் காலும் நல்லாத்தானே இருக்கு? வீட்டுக்கு ஒண்ணும் அனுப்ப முடியாது. ஏழைவிடுதிக்குப் போ." அம்மாவும் அப்பாவும் போனார்கள். அப்பாவை ஆண்கள் பக்கம், அம்மாவைப் பெண்கள் பக்கம் பிரித்துப் போட்டார்கள். அம்மா செத்தது அப்பாவுக்கு மறுநாள்தான் தெரியும்.

அக்டோபர் 8
ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு அரசாங்க முதியோர் பென்ஷன் வருகிறது. யார் முன்னாலும் நிற்க வேண்டாம், தபால் ஆபீசில் வாங்கிக்கொள்ளலாம். இதற்காகத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவள் நான். அவனுக்குமா?

குழு எழுத்தர் ஆர்மராட் இன்று எச்சரித்தார்: "இந்த வருஷம் நம்மகிட்ட ஒரு ரொட்டி வாங்கியிருந்தாலும் பென்ஷன் கிடையாதும்மா. தெரியாம யாருக்கும் குடுத்துடாதீங்க."

அக்டோபர் 9
வேண்டாம் ஹெஸ்டர் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். — ஏன் வேண்டாம்? அம்மாவுக்கு யார் வேண்டாம் என்றார்கள்?

அக்டோபர் 20
குழுவில் நானே அவனுக்காகப் பேசினேன். என் இரக்கத்தை மெச்சினார்கள். ஆர்மராட் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு பதிவேட்டில் எழுதிக்கொண்டார். வாரம் ஒரு மூட்டை நிலக்கரி, இரண்டு ரொட்டி. நானே போய்ச் சொன்னேன். குழுவின் உதவி என்று தெரியாமல், யாரோ நல்லவர்கள் தருவதாக நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. ஜனவரி வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று அழுதான். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஜனவரி 1, 1909
தபால் ஆபீஸ் வாசலில் கிழவர்களும் கிழவிகளும் சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வரிசையில் நின்றார்கள். அவன் இல்லை. மனு தள்ளுபடி.

ஜனவரி 12
குழு முன்னால் வந்து நின்றான். கையில் தொப்பி. நிலக்கரியை நீட்டிக்க முடியாது, விடுதிதான் என்றார்கள். நானும் கை தூக்கினேன். பிறகு, "நீ விடுதிக்கு அனுப்பிய டார்கஸ் என் தாய்" என்று சொல்ல எழுந்தேன். இத்தனை வருடம் மனப்பாடம் பண்ணி வைத்த வார்த்தை.

அவன் முந்திக்கொண்டான். "எல்லாரும் கைவிட்டாங்க. குளிருக்கு நிலக்கரி குடுத்தது நீங்க ஒருத்தர்தாம்மா. எதுக்குப் பென்ஷன் இல்லைன்னாங்கன்னுதான் இன்னும் புரியல. நீங்க நல்லா இருக்கணும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பாவி, என்னை வாழ்த்திவிட்டு விடுதிக்குப் போய்விட்டான்.