விற்பதற்குச் சிங்காரித்த வீடு

ஜூன் 9, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து வாசலெல்லாம் புழுதி. கொத்தனார் வரவில்லை. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டது வீண்.

வேலைகள்: ஹால் தரையைப் பெயர்ப்பது. குசினியில் அடுப்பு மேடைக்கு கிரானைட். பின்பக்கக் கழிப்பறையை உள்ளே கொண்டுவருவது. வயரிங். பெயிண்ட்.

புரோக்கர் அண்ணாச்சி அறை அறையாக வந்து மூக்கைச் சுளித்தார். “இப்படியே வித்தா மனைக்கு உள்ள ரேட்டுதான் அக்கா. கொஞ்சம் சிங்காரிச்சுட்டா வீட்டுக்கும் சேத்துக் கேக்கலாம்.” கப்பலில் இருக்கும் தம்பி பிரின்ஸிடம் போனில் சொன்னேன். “செய்யி அக்கா. செலவுல பாதி என்னுது. வித்துட்டு ஆளுக்குப் பாதி.” அவன் வாயாலேயே சொன்னான்.

எல்லாரும் கேட்கிறார்கள், விற்க மனசு வருகிறதா என்று. வருகிறது. நன்றாகவே வருகிறது. அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பதினோரு வருடம் பார்த்த வீடு. எந்த மூலையைப் பார்த்தாலும் டெட்டால் வாசனை. மில்லர்புரத்தில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மீதி, வீடு விற்றதும். யாருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டாத அடுப்படி.

ஜூன் 17, செவ்வாய்

சுவரைச் சுரண்டினால் உப்பு. கொத்தனார்: “கடலுக்குள்ள வெட்டுன கல்லுல கட்டுன சுவரு அக்கா. எத்தன தடவ பூசுனாலும் பூக்கத்தான் செய்யும்.” டைல் ஒட்டி மறைத்துவிடச் சொல்கிறார் புரோக்கர் அண்ணாச்சி. “வாங்குதவன் பாடு.” சரி என்றேன். உறுத்தல் மத்தியானம் வரை இருந்தது.

அடுத்து ஹாலிலிருக்கும் மாதா சொரூபத்தைக் காட்டினார். “வாங்க வாரவுக எந்தச் சாமியோ. எடுத்திருங்க.” பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் கோயிலுக்குக் கொண்டுபோனேன். கோயில் சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளை பின்னறையைத் திறந்து காட்டினார். விற்றுப்போன வீடுகளின் அந்தோணியார், சூசையப்பர், மாதா, எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு. “இடமில்ல தாயி. ஃபிளாட்டுக்குப் போறவுக எல்லாம் இங்கன கொண்டாந்து விட்டுட்டுப் போயிருதாவ.” திரும்பக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தேன். ஃபிளாட்டில் ஓர் அலமாரித் தட்டு கொடுத்துவிடலாம்.

இடுப்பு வலி. பால் வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 5, சனி

குசினி முடிந்தது. வீடியோ எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். பிரின்ஸ் மனைவி, சென்னையில் இருக்கிறாள். உடனே போன். “மைனி, இது நம்ம வீடா!” அப்புறம் வரிசையாக மெசேஜ். க்ரீம் வேண்டாம், லேசான பச்சை. ஜன்னலுக்குக் கொசுவலை. மாடிப்படிக்கு ஸ்டீல் கைப்பிடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

(பின்னால் சேர்த்தது: மடச்சி நான்.)

ஜூலை 12, சனி

பார்ட்டி வந்தது. ஏரல்காரர், மளிகை மொத்த வியாபாரம். அவர் சம்சாரம் குழாயைத் திறந்து திறந்து மூடினாள். பிடித்துவிட்டது. கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டார்கள்! பிரின்ஸிடம் சொன்னேன். “அவசரப்படாத அக்கா” என்றான். ஏன் என்று கேட்பதற்குள் கப்பலில் சிக்னல் போய்விட்டது. போய்விட்டதாம்.

மில்லர்புரத்துக்கு இரண்டு திரைச்சீலை வாங்கினேன். நீலம்.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச்சாமியார் நிறுத்தினார். “உங்க தம்பி போன் பண்ணினார். திருவிழாவுக்கு வரும்போது ஜெபம் பண்ணித் தீர்த்தம் தெளிச்சு வீட்டை மந்திரிக்கணுமாம். மூணாந்தேதி சாயங்காலம் வர்றேன்.” தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. விற்கப்போகிற வீட்டை யார் மந்திரிப்பார்கள்? குடியிருக்க வருகிறவன்தான் சாமியாரைக் கூப்பிடுவான்.

பிரின்ஸைப் போனில் பிடித்துவிட்டேன். சுற்றி வளைத்தான். “ஸ்டெல்லாவுக்கு ரொம்பப் புடிச்சுட்டு அக்கா. நானும் கப்பல விட்டுட்டு ஊருக்கே வந்துரலாம்னு இருக்கேன்.”

“என் பாதி?”

“அது எங்க ஓடிப்போவுது? பொறவு பாத்துக்கிடலாம். நீயும் இங்கனயே இரி. பின் ரூம் சும்மாதான கெடக்கு.”

பின் ரூம். அம்மா படுத்திருந்த ரூம்.

பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் எனக்கு வினையாகிவிட்டது. பழையபடி நாறிக் கிடந்திருந்தால் இந்த வீட்டை ஒரு நாய் திரும்பிப் பார்த்திருக்காது. சாப்பிடவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஏரல்காரர் இன்னும் ஒரு வாரம்தான் பொறுப்பாராம். ஃபிளாட்காரர் இந்த ஆகஸ்ட் வரைக்கும். ஆபீசில் ஒரு பில் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன். பெயிண்டர் கடைசிக் கோட் அடித்துவிட்டுப் போனான். லேசான பச்சை. அழகாகத்தான் இருக்கிறது, சனியன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மந்திரிப்பு. ஸ்டெல்லா பட்டுப்புடவை. சொந்தக்காரர்கள் குசினியைப் பார்த்துவிட்டு அவளைப் பாராட்டினார்கள். அவள் சிரித்து வாங்கிக்கொண்டாள். தீர்த்தச் செம்பு என் கையில்.

ஹாலில் ஜெபம் முடிந்தது. சாமியார் அன்பாகத்தான் கேட்டார். “நீங்க இனிமே எங்கம்மா இருப்பீங்க?”

பிரின்ஸ் முந்திக்கொண்டான். “அக்கா எங்ககூடதான் சாமி. நாங்க பாத்துக்கிடுதோம்.”

பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. என்னை இவர்கள் கூட வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறார்களாம்.

“பாதி வீடு எனக்குள்ளது சாமி” என்றேன். “எந்தப் பாதின்னு தம்பி இன்னும் சொல்லல. அவன் பாதிய மட்டும் மந்திரிச்சுட்டுப் போங்க. என் பாதிய வாங்குதவுக அவுக சாமிய வச்சுப் பாத்துக்கிடுவாவ.”

சாமியார் நனைந்த கையோடு நின்றார். ஸ்டெல்லா அழுதாள். பிரின்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆளுக முன்னால மானத்த வாங்குதியே அக்கா.” வாங்கி வைத்திருந்த கேக்கை யாரும் வெட்டவில்லை.

நாளைக்கு வக்கீல். பத்து மணிக்குள் போனால்தான் வீட்டில் பிடிக்க முடியுமாம்.